சாட்சிக்கு ஒரு கட்டு உள்ளி

“ரெண்டு வரிசை உள்ளியைக் காணேல்லை. இண்டைக்கு நான் பொலிசுக்குப் போறன்,” என்றார் மார்க்கண்டு, கிணற்றடிப் பாத்தியில் குந்தியிருந்தபடி.

குசினி வாசலில் நின்ற அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். களவெடுத்தது அவள்தான்.

வேறு வழி இருக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு வேலணைக் கடைகளில் உள்ளிப்பூண்டைக் கண்ணால் காண முடியவில்லை. மகள் பரிமளத்துக்கோ ஊர்காவற்றுறையில் பெண்பிள்ளை பிறந்து எட்டு நாள். பிள்ளை பெற்றவளுக்கு உள்ளி இல்லாமல் என்ன பத்தியக் கறி? மார்க்கண்டு கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பிடுங்கி, மருமகன் லியோனின் தமக்கை மாக்கிறேற்றிடம் வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டாள்.

மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பொடியனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து மார்க்கண்டு வீட்டில் பரிமளத்தின் பெயரை யாரும் சொல்லக்கூடாது. பேத்தியை இலட்சுமிப்பிள்ளை இன்னும் ஒருக்கால்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்து அடுப்படியில் இருந்து அழுவாள், புகை என்று சொல்லிக்கொள்வாள்.

மார்க்கண்டு சிவதீட்சை கேட்டவர். உள்ளி வாசம் பட்ட சட்டியில் ஒரு வாய் சோறு தின்னமாட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் கார்த்திகையில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, தண்ணீர் வார்த்து, புல்லுப் பிடுங்கி வளர்த்தார். நல்ல விலைக்கு விற்கத்தான் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

“உள்ளிதானே, விட்டுத் தள்ளுங்கோவன்,” என்றாள்.

“தாள் பழுக்க முதலே பச்சையாப் புடுங்கியிருக்கு. காயாத உள்ளியாலை ஆருக்கு என்ன பிரயோசனம்? அறிவு கெட்ட கள்ளன்.”

பயத்துக்குள்ளும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

“ஆளைத் தெரியாமல் பொலிசிலை என்னெண்டு சொல்லுவியள்?”

“ஏன் தெரியாது? சாமான் ஊர்காவற்றுறையிலை கிடக்கு.”

பொலிஸ் போய் லியோன் வீட்டுக் குசினிக்குள் நின்றால் பச்சை உடம்புக்காரி என்ன ஆவாள்? உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் மாக்கிறேற் இனி வேலிப்பக்கம் வர முடியாது. வாயை மூடிக்கொண்டாள்.

மார்க்கண்டு கொட்டிலுக்குள் போனார். முன்னமே கிண்டிக் காயவிட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்த உள்ளிக் கட்டை முழுதாக இறக்கினார். எண்ணி வைத்திருப்பார் என்று அவள் தொடப் பயந்த கட்டு அது.

“அதேன் பொலிசுக்கு?”

“சாட்சிக்கு.”

“அதுக்கு ஒண்டு காணாதே?”

“சாட்சி வடிவா இருக்க வேணும்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பரிமளத்தைப் பொலிஸ் வண்டியில் ஏற்றுவதுபோலவே கண்ணுக்குள் நின்றது.

பின்னேர பஸ்ஸில் மார்க்கண்டு வந்தார். கையில் கட்டைக் காணவில்லை. வீட்டுக்குள் ஏறாமல் நேரே கிணற்றடிக்குப் போய், செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி தலையோடு முழுகினார்.

அவள் துவாயோடு ஓடி வந்தாள். “பொலிசிலை என்ன சொன்னவை?”

மார்க்கண்டு தலையைத் துவட்டி முடித்தார். துவாயைக் கொடியில் போட்டார்.

“பேத்திக்கு உம்மட மூக்கு.”