கன்றிய கன்னம்

டைப்பிஸ்டின் கன்னம் ஊதா நிறத்தில் கன்றியிருப்பதைப் பார்த்ததும், கேஷியர் அக்கா அவளைச் சாப்பாட்டு அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“என்னடி இது?”

“லேசர்க்கா. மூக்கோரம் சிவப்பா நரம்பு தெரியுமே, அதுக்கு. ஒரு வாரத்துல சரியாயிடுமாம்.”

“எங்கிட்ட மறைக்காத. வீட்டுக்காரர் கை நீட்டினாரா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவரா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னைவிட அவர்தான்க்கா அலறினாரு! டாக்டர் வெளிய போய் உட்காரச் சொல்லிட்டாங்க.”

அக்கா சிரிக்கவில்லை.

“ஏன்க்கா நம்ப மாட்டேங்கறீங்க? நீங்களும் அடிக்கடி லேசர் செஞ்சுக்கிட்டு இப்படித்தானே வருவீங்க? உங்களைப் பார்த்துத்தான் எனக்கே துணிச்சல் வந்துச்சு.”

அக்கா அந்தக் கன்னத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

“லேசர் பண்ணினா நெஜமாவே இப்படிக் கன்னிப்போகுமாடி?”