பிரிண்டர் பார்க்க வந்தவன்

"பிரிண்டர் பாக்க வந்தேன்" என்று சொன்னால் உள்ளே விடாத ஆபீஸ் நாகர்கோவிலில் கிடையாது. தொழிலில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே ரெஜின் இதைக் கண்டுபிடித்துவிட்டான்.

எந்த ஆபீசிலும் பிரிண்டர் ஒழுங்காக ஓடுவதில்லை. யார் கூப்பிட்டது என்று யாரும் கேட்பதும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். இன் பண்ணிய சட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு ஸ்குரூடிரைவர். திரும்பும்போது பைக்குள் யாருடைய லேப்டாப்பாவது சேர்ந்திருக்கும்.

வருமானத்துக்குக் குறைவில்லை. குறையெல்லாம் வீட்டில்தான். விஷயம் தெரிந்த அன்றே மனைவி பிரிஜா இராஜாக்கமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "நாலு பேரு கேட்டா சொல்லுக மாதிரி ஒரு வேலை கிடைச்சா விளி. அப்பம் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதன்பிறகு அவன் போனைக்கூட எடுக்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு இறங்காவிட்டாலும் தொழில் நடக்க வேண்டுமே. வடசேரியில் வாழைக்குலைக் கடைக்கு மேலே புதிதாக ஒரு ஆபீஸ் திறந்திருந்தது. ரெஜின் படியேறினான். போர்டில் ஓவர்சீஸ் என்று ஏதோ எழுதியிருந்தது. அவன் அதை முழுதாகப் படிக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் மேஜைமேல் இருந்த புத்தம்புது லேப்டாப்பைத்தான் பார்த்தான்.

வழக்கமான வாசகத்தைச் சொன்னதும், முன்னால் இருந்த லீமா என்ற பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆபீசுக்கே ஒரே பிரிண்டர்தானாம், எல்லாக் கம்ப்யூட்டரும் அதோடுதான் சேர்ந்திருக்கிறதாம், காலையிலிருந்து எதில் கொடுத்தாலும் ஆஃப்லைன் என்றே காட்டுகிறதாம். சொல்லிக்கொண்டே அவனைப் பிரிண்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மேனேஜர் ஜெயசிங்கும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

ரெஜின் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தான். இதுவரை யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அணைத்துப் போடுவது. போட்டான். ஆஃப்லைன். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டான். அப்போதும் ஆஃப்லைன். பிரிண்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, டாக்டர் மாதிரி "உம்" என்றான். ஜெயசிங்கும் "உம்" என்றார்.

ஓடிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே பின்பக்கம் குனிந்தான். எல்லா வயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டியில் வரிசையாகப் பச்சை விளக்குகள் மின்னின. ஒன்றில் மட்டும் வெளிச்சம் இல்லை. அதிலும் வயர் சொருகியது போலத்தான் இருந்தது; தொட்டதும் ஆடியது. அழுத்தினான். 'டக்' என்றது. விளக்கு எரிந்தது.

உடனே பிரிண்டர் உறுமத் தொடங்கியது. காலையிலிருந்து கொடுத்து வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தட்டு நிறைந்து, தரையெல்லாம் தாள் பறந்தது. லீமா கைதட்டினாள். ரசவடையும் சாயாவும் வாங்க யாரோ ஓடினார்கள். ஜெயசிங் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"உனக்க கையில வித்தை இருக்கு மக்கா. துபாய்ல இந்த வேலைக்கு ஆளு தேடுகானுவ. இங்க கிடந்து என்ன செய்ய?"

ரெஜினுக்குத் தலை கிறுகிறுத்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவனைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வடை தின்றான். லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் தொடவில்லை. தொழிலுக்கு வந்தபின் முதல்முறையாகக் காலிப் பையோடு படியிறங்கினான். சிரித்துக்கொண்டே இறங்கியதில் கீழே தொங்கிய வாழைக்குலையில் முட்டிக்கொண்டான். அதற்கும் சிரித்தான்.

விசாவுக்கு முன்பணம் கட்டவேண்டும் என்று ஜெயசிங் சொல்லியிருந்தார். அதுவரை சுருட்டி வைத்திருந்த லேப்டாப்புகளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ரெஜின் மறுநாளே கொண்டுபோய்க் கட்டினான். இனி அந்தப் பொழைப்பே வேண்டாம் என்றிருந்தது. பிறகு மாமியார் போனுக்குக் கூப்பிட்டு, பிரிஜாவிடம் கொடுக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னான். அவளால் நம்ப முடியவில்லை.

"உள்ளதா?"

"உள்ளதுதாம் ஏட்டி. துபாய்ல பிரிண்டர் மெக்கானிக்கு."

அவள் அழுதே விட்டாள். அடுத்த நாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நெய்மீன் குழம்பு வைத்தாள். தெருவில் கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

விசாவை வாங்கிக்கொள்ள வரச்சொன்ன தினத்தில் தானும் வருவேன் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இருவரும் கைகோத்துக்கொண்டு வடசேரியில் இறங்கினார்கள்.

ஆபீஸ் பூட்டியிருந்தது. போர்டைக் காணவில்லை. படிக்கட்டில் கீழிருந்து மேல்வரை இன் பண்ணிய சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு பை. ஊரிலுள்ள கம்ப்யூட்டர் கடைகளின் மெக்கானிக்குகள் அவ்வளவு பேரும் அங்கேதான் இருந்தார்கள். பிரிண்டர் ஓடவில்லை என்று அந்த ஆபீசிலிருந்து போன் வந்ததையும், வந்த இடத்தில் துபாய் ஆசையில் முன்பணம் கட்டியதையும் கொட்டாரம் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

ரெஜினைக் கண்டதும் நிறுத்திவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தபடி கேட்டார்:

"நீயும் அந்த வயரைச் சொருகின ஆளுதானா மக்கா?"