தட்டில் சீனி

குக்கரில் மணல் போட்டுச் சுட்ட கேக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஜெனிட்டா எதிர்வீட்டு எப்சிபாவின் கதவைத் தட்டினாள். பலகாரம் போன தட்டை வெறுமனே திருப்புவதில்லை என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எப்சிபா அதில் சீனியை நிரப்பித் தன் மகன் கிப்சனிடம் கொடுத்தனுப்புவாள். தெருவைக் கடப்பதற்குள் அவன் விரலால் வழித்து நக்கிவிடுவான். சீனியின் நடுவே எப்போதும் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும். போன ஜூலையில் ஜெனிட்டாவின் கணவன் வேனைப் பின்னால் எடுத்தபோது கிப்சன் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனான். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கதவு திறந்தது. ஜெனிட்டா தட்டை நீட்டினாள்.

"அக்கா... கேக்கு..."

எப்சிபா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. வெறுந்தட்டை முகத்தில் எறிந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஜெனிட்டா வாசலிலேயே நின்றாள். பிறகு டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

எப்சிபா தட்டு நிறையச் சீனியோடு வந்தாள். ஒரு கோடுகூட விழாமல் அதை நிரவியிருந்தாள்.

"நல்லாப் பாத்து வாங்கிக்க," என்றாள். "இந்த வருசம் கொறையாது."