குதிருக்குள் இருமல்

"மூச்சு காட்டக் கூடாது, சரியா?" என்று குழந்தையின் காதில் சொல்லிவிட்டு, குதிரின் மூடியைச் சாத்தினாள் ஷூசின். அதற்குள் வாசலில் நாய் குரைத்தது.

குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி திங் யூலான் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தாள். வீட்டுக்கு ஒரு குழந்தைதான் என்று அரசாங்கம் சட்டம் போட்ட நாளிலிருந்து, ஹூனான் மலைப்பக்கத்து அந்தக் கிராமத்தில் அவள் பெயரைச் சொன்னாலே பிள்ளைத்தாய்ச்சிகள் காட்டுக்குள் ஓடினார்கள். போன மாதம்கூட, இரண்டாவது பெற்றவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடவைத்திருந்தாள்.

"ஒரு பொம்பளப் புள்ளைய ஒளிச்சு வச்சிருக்கியாமே? மூணு வயசாம். மொட்டைக் கடுதாசி வந்திருக்கு."

"எவளோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கா, தோழர். பையன் பொறந்த கையோட எனக்கு ஆபரேஷன் ஆயிருச்சே! ஆறு வருசம் ஆச்சு. நீங்கதானே டிராக்டர்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனீங்க?"

ஆட்களில் மூத்தவன் லாவ் பெங் சிரித்தான். "எல்லாரும் இப்படித்தான் சொல்லுறீங்க. எங்க அதிகாரி அக்காவைப் பாரு. ஒரே பையனோட நிறுத்திட்டு, மாவட்டத்துல மெடலே வாங்கிட்டாங்க!"

அந்த நேரம் பார்த்தா குதிர் இரும வேண்டும்?

ஷூசின் சட்டென்று ஒரு பிடி மிளகாய் வற்றலைச் சட்டியில் அள்ளிப் போட்டாள். நெடி ஏறி, வீடே சேர்ந்து இருமியது.

"அடச்சே! நீங்க ரெண்டு பேரும் போய் பன்னித் தொழுவத்தைப் பாருங்க. உள்ள நான் பாத்துக்கறேன்," என்றாள் யூலான், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அவர்கள் போனதும் கதவைத் தாழிட்டாள். நேராகக் குதிரிடம் போய் மூடியைத் தூக்கினாள். அந்த ஆட்கள் எந்த நிமிஷமும் திரும்பிவிடலாம்.

தலையெல்லாம் உமியோடு ஒரு பெண் குழந்தை பேந்தப் பேந்த விழித்தது. அதிகாரியைப் பார்த்ததும் மிரண்டு, "அம்மா!" என்று ஷூசினிடம் தாவியது.

யூலான் அப்படியே நின்றாள். பிறகு கையை நீட்டி, அந்தத் தலையிலிருந்த உமியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"எப்ப இருந்துடி, என் மக உன்னை அம்மாங்குறா?"