பட்டியில் இருமல் நின்ற நாள்

ஆட்டுப் பட்டிக்குள் கொள்ளைநோய் புகுந்திருந்தது. காவல் நாய் தினமும் காலையில் வந்து காதுகொடுத்துக் கேட்கும். இருமுகிற ஆட்டை அது காட்டிக்கொடுத்தால், மேய்ப்பன் அதை வேலிக்கு வெளியே கருவேல மரத்தடியில் கட்டிவிடுவான். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

முதல் நாள் பதினோரு ஆடுகள் இருமின. மறுநாள் ஆறு. நேற்று ஒன்றே ஒன்று.

இன்று பட்டியில் சத்தமே இல்லை.

"ஒருவழியா நோய் விட்டுப்போச்சு!" என்று நாய் வாலாட்டியது. "உன் குட்டி எப்படி இருக்கு, தாயி?"

"நல்லா இருக்குண்ணே" என்றது வெள்ளாடு, குட்டியின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு.

நல்ல சேதி சொல்ல நாய் மேய்ப்பனிடம் ஓடியது. அதன் காலடிச் சத்தம் தேய்ந்ததும், பட்டி மொத்தமும் இருமித் தீர்த்தது.