கன்னத்தில் கை

“மெதுவா முனகுங்க, சித்தப்பா! வர்றவங்களும் பயந்து ஓடிடப் போறாங்க!”

பல் மருத்துவர் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள். வெளிக்கூடத்து நாற்காலியில் கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருந்த சித்தப்பா, ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார்.

“நடிப்புன்னு வந்துட்டா அரைகுறையா செய்யக் கூடாதும்மா. நாடகத்துல ராஜாவுக்குப் பக்கத்துல ஈட்டி பிடிச்சு நின்னவன் நான்!”

“அந்த வேஷத்துக்கு வசனமே கிடையாதே!”

“அதான், முப்பது வருஷத்து வசனத்தையும் சேர்த்து இப்போ முனகுறேன்.”

அவள் தனியாகப் பல் மருத்துவமனை திறந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். “புது டாக்டருக்குக் கைராசி கிடையாது” என்று கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிவைத்தார். அங்கே இன்னும் ஒரு பல்லையும் தொடாத கைக்கு ராசி இல்லை என்பதை அவர் எந்தக் கண்ணாடி போட்டுக் கண்டாரோ! ஐந்தாண்டுப் படிப்பை நம்பாத தெரு, அவருடைய ஒரு வரியை நம்பியது. படியேறி வந்த ஒன்றிரண்டு பேரும் காலி நாற்காலிகளைக் கண்டு திரும்பினார்கள். மாதக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் பூட்டிவிட்டு, முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலேயே மறுபடி உதவியாளராகச் சேர்வதென்று முடிவு செய்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான், இரண்டு வாரத்துக்கு முன், சித்தப்பா வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவரை அவள் பேசவே விடவில்லை.

“ராசி தானா வரும்னு காத்திருக்க மாட்டேன், சித்தப்பா. நாற்காலி காலியா இருக்கறதுதானே குறை? நோயாளி மாதிரி நீங்க உட்காருங்க!”

திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நாள் தவறவில்லை.

“பிஸ்கட்டாவது சாப்பிடுங்க.”

“தின்னா வேஷம் கலைஞ்சிடும். போ, போ, காலடிச் சத்தம்!”

கன்னம் வீங்கிய கணவனை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

“இந்த டாக்டர் எப்படிங்க?” என்று சித்தப்பாவிடம் கேட்டாள்.

“உயிர் போற வலிங்க. இருந்தும் வேற எங்கேயும் போகாம, இவங்க கையாலதான் பார்த்துக்கணும்னு கிடக்கறேன். நீங்க முதல்ல போங்க.”

அரை மணி நேரத்தில் கணவன் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுச் சிரிப்போடு வெளியே வந்தான். “டாக்டரம்மாவுக்கு என்னா கைராசி!” என்று படியிறங்கும்போது அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை போயிற்று. மாலைக்குள் மேலும் நால்வர் வந்தார்கள். கடைசியாக வந்தவள் மருந்துக் கடைக்காரரின் மனைவி!

அவளும் போனபின் மருத்துவர் ஓடிவந்து சித்தப்பாவின் கையைப் பற்றினாள். “ராசியை நாமளே செஞ்சிட்டோம், சித்தப்பா! இனிமே நீங்க நடிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க.”

சித்தப்பா எழுந்தார். வாசலுக்குப் போகாமல் உள்ளே போனார். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்து, வாயை அகலத் திறந்து காட்டினார்.

“இப்பவாவது இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாரும்மா! அன்னிக்கு இதைக் காட்டத்தான் வந்தேன். அப்பவே நீ சரிபண்ணியிருந்தா, எனக்கு நடிக்க எங்கேம்மா வரும்?”