மாடி வீட்டு வயரிங்

"இது என்னங்க அநியாயமா இருக்குது?"

வயரிங் எஸ்டிமேட்டைப் படித்த சந்திரகலா சீறியதும் எலக்ட்ரீஷியன் இளவரசனுக்குச் சுருக்கென்றது. வேங்கிக்காலில் அவள் கட்டும் புது வீட்டுக்கு அவன் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் அது.

"வேணும்னா என் கூலியில கொஞ்சம் கம்மி பண்ணிக்கறேம்மா."

"கூலியைப் பத்தி நான் பேசல. மாடிக்கு இப்படி ஒரு ரேட்டு போட்டிருக்கீங்களே, உங்களுக்கே நியாயமா படுதா?"

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கத்தில் நிற்கும் அவள் கணவர் தருமன் நேற்றே பேரம் பேசிப் பேசி உயிரை எடுத்திருந்தார். இன்னும் குறைத்தால் கைக்காசைப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

"டவுன்ல யாரை வேணா கேட்டுப் பாருங்கம்மா. இதைவிடக் கம்மியா ஒருத்தரும் செஞ்சு தர மாட்டாங்க!"

"ஜாஸ்தினு யாருங்க சொன்னா? கீழ் வீடும் மாடி வீடும் ஒரே அளவு. மாடிக்கு மட்டும் எப்படி இவ்ளோ கம்மியாச்சு?"

இளவரசனின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. தயங்கியபடி தருமனைப் பார்த்தான்.

"மாடிக்கு எர்த் வயர் வேணாம்னு சார்தாம்மா சொன்னாரு."

"வாடகைக்கு விடப்போற வீடுதானே சந்திரா, அதுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார் தருமன்.

"கீழ போடற மாதிரியே மாடிக்கும் போட்டு எழுதிக் குடுங்க" என்று எஸ்டிமேட்டை இளவரசனிடமே திருப்பிக் கொடுத்த சந்திரகலா, கணவரின் பக்கம் திரும்பினாள்.

"பிரிட்ஜைத் தொட்டு ஷாக்கடிச்சுச் செத்தாளே என் தங்கச்சி, அவ இருந்ததும் வாடகை வீடுதாங்க."